கொதிக்காத வண்டி

ஏப்ரல் 10, வியாழன்: பிற்பகல் தூத்துக்குடியிலிருந்து அக்காவின் மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தான். காலை உணவுக்குப் பின் நாற்காலியில் சாய்ந்த அக்கா பிறகு எழவில்லை. மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மாலை ரயிலேறினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி: பிற்பகல் வீட்டில் ஜெபம். பின்பு கோயிலில் ஆராதனை. இருட்டுவதற்கு முன் அவள் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம்.

ஏப்ரல் 12, சனி: அவளுடைய மூக்குக் கண்ணாடியையும் வேதாகமத்தையும் மூத்த மகன் என்னிடம் கொடுத்தான். அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். மாலை ரயிலில் புறப்பட்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு: எழும்பூரில் இறங்கினேன். ராயபுரம் வீட்டுக்கு வந்து குளித்தேன். ஆராதனைக்குப் போகவில்லை.

நடந்தவை இவ்வளவே. இனி எழுதுவது இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. என் வயதொத்தவர்களுக்காகவே எழுதுகிறேன். இந்த வயதில் அடக்கத்திலிருந்து திரும்புகிறவன், இறந்தவரின் முதுமையை நினைத்துக்கொண்டு திரும்புவதில்லை என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரயிலில் என் நினைவில் எதிரே இருந்தவள் பன்னிரண்டு வயது அக்கா. கையில் தண்ணீர் டின்னுடன் திருவொற்றியூர் சாலையோரம் நின்றாள். அவளுக்குப் பின்னால் எங்கள் வண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அன்றைய ராயபுரத்தில் வெள்ளை என்ற நிறம் காலையில் மட்டுமே இருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி இறங்கியது. ரயில் யார்டில் இன்ஜின்கள் கரியைத் தின்று கரியைக் கக்கின. பேசின் பிரிட்ஜ் பக்கம் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் நின்றன. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஏதேனும் ஒன்றின் தூள் வீட்டுக்குள் வந்து படிந்தது. எங்கள் தெருவில் எல்லா ஜன்னல்களுக்கும் மெல்லிய மல் துணி கட்டியிருப்பார்கள். அது கொசுவுக்கு அல்ல, கரிக்கு. சனிக்கிழமைதோறும் அந்தத் துணிகளை அவிழ்த்துத் துவைப்பார்கள். ஞாயிறு காலையில் தெரு முழுவதும் வெளுத்த ஜன்னல்களோடு கோயிலுக்குக் கிளம்பும்.

அப்பா தெற்கிலிருந்து வந்தவர். கப்பல்களுக்குக் கயிறும் பெயிண்ட்டும் தார்ப்பாயும் கொடுக்கும் மொத்த வியாபாரம் அவருடையது. ஊர் திரும்பிய கப்பல் அதிகாரி ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். வாங்கும்போதே அது பழைய வண்டி. சிமெண்ட் நிறம். கதவைச் சாத்தினால் பெட்டியை மூடுவது போன்ற ஓசை எழும். உள்ளே வெயிலில் காய்ந்த தோலின் மணமும் பெட்ரோலின் மணமும் இருக்கும். அப்பாவின் கிடங்கிலிருந்து வந்து ஒட்டிய சணல் கயிற்றின் தார் வாடை வேறு. ஓட்டுநருக்கு முன்னால் ஒரு வட்டத்துக்குள் சிறிய முள் இருந்தது. என்ஜினின் சூட்டைக் காட்டும் முள் அது. நடுவில் நின்றால் நலம். வலப்பக்கம் சிவப்புக்குப் போனால் வண்டி கொதிக்கப் போகிறது என்று பொருள்.

வண்டி வந்த முதல் ஞாயிறு, கோயிலுக்குப் போய்த் திரும்பிய அம்மாவின் வெள்ளைச் சேலை மடிப்பில் கரிக்கோடு விழுந்திருந்தது. முன்பக்கக் கம்பிகளின் வழியாகக் கரித்தூள் புகுந்து உள்ளே வருகிறது என்று அம்மா கண்டுபிடித்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி அளவெடுத்தார். மல் துணியில் ஒரு திரை தைத்து, நான்கு மூலையிலும் நாடா வைத்து, கம்பிகளுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் கட்டிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

"காருக்கு எதுக்கு இது?" என்று அப்பா கேட்டார்.

"அதுக்கும் மூஞ்சி இருக்குல்லா. மூஞ்சிக்குத் துணி கட்டாம தெருவுல விட்டா கரியத்தான் திங்கும்" என்றார் அம்மா.

அந்தத் துணியைப் பற்றி வீட்டில் அதற்குமேல் பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஐப்பசியில் மழை தொடங்கியபோது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். மருத்துவமனைக்குப் போன வண்டி அம்மா இல்லாமல் திரும்பியது. அதன் பிறகு அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. யாராவது சொன்னால் தட்டில் கை வைக்காமல் எழுந்துவிடுவார். நாங்களும் சொல்லாமலிருக்கப் பழகினோம்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு அத்தை வந்தார். அப்பாவுக்கு மூத்தவர். தூத்துக்குடியில் பெரிய குடும்பத்தை நடத்துபவர். எழும்பூரிலிருந்து அவரை அழைத்து வருகையில் வண்டி முதன்முதலாகக் கொதித்தது, அதுவும் இரண்டு முறை. மறுநாள் பகல் சாப்பாட்டின்போது, எங்களை வைத்துக்கொண்டே அத்தை பேச்சை எடுத்தார்.

"எய்யா, நீ கடையப் பாப்பியா, பிள்ளைகளப் பாப்பியா? ரெண்டு பள்ளிக்கூடமும் திருவொற்றியூர் ரோட்டுல கெடக்கு. பொம்பளப்பிள்ளைய ரிக்சாவுல ஏத்தி விட்டுட்டு நீ கப்பலப் பாக்கப் போயிருவியாக்கும்."

"வண்டி இருக்குல்லா யக்கா. நானே விட்டுட்டு நானே கூட்டிட்டு வாரேன்."

"அந்த வண்டியா? ஸ்டேஷன்லருந்து வீட்டுக்கு வாரதுக்குள்ள ரெண்டு மட்டம் ஆவி கக்கிச்சு. நட்டநடு ரோட்டுல பிள்ளைகள நிப்பாட்டிட்டு நிப்ப."

அப்பா தட்டைக் காலி செய்தார். அத்தை அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"சரி. முழுப் பரீட்சை முடியட்டும். அதுக்குள்ள வண்டி சரியாச்சுன்னா ரெண்டு பேரும் இங்கனயே இருக்கட்டும். இல்லன்னா மூத்தவ என்கூட வரட்டும். சின்னவன நீ வச்சிக்கோ."

பாகம் பிரிக்கும்போது பாத்திரங்களைப் பற்றிப் பேசுவார்களே, அந்தக் குரலில்தான் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். அன்று முதல் எங்கள் இருவருக்கும் அந்த முள்ளைத் தவிர உலகத்தில் வேறு பொருள் இருக்கவில்லை.

பள்ளிக்குப் போகும்போது அக்கா முன் இருக்கையில் அமர்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவாள். பின்னாலிருந்து நான் அவள் கழுத்தைப் பார்ப்பேன். அவள் தோள் உயர்ந்தால் முள் வலப்பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்வேன். தண்டையார்பேட்டை தாண்டும்வரை அநேகமாகத் தாக்குப்பிடிக்கும். ரயில்வே கேட் மூடியிருந்தால் தீர்ந்தது. பானெட்டின் இடுக்கிலிருந்து முதலில் ஒரு சீழ்க்கை, பிறகு வெண்ணிறமாக ஆவி. அப்பா இறங்கிச் சட்டைக் கையை மடித்து, ஈரச் சாக்கால் மூடியைப் பிடித்துத் திறப்பார். அக்கா காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடுவாள். அந்தக் கொதிநீரின் வாடை, துருவும் பச்சைத் தண்ணீரும் கலந்த ஒருவித இரும்பு வாடை, இன்றும் எங்காவது வந்தால் பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது என்ற பயம் எனக்கு வருகிறது.

ஒருநாள் கேட் அருகே மீன் கூடையுடன் வந்த ஒரு பெண் நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னாம்மா பொண்ணு, உங்கப்பா வண்டிக்குள்ள இட்லி வெச்சுகினு கீறாரா? வெந்துச்சுன்னா எனக்கு ரெண்டு குடு."

"சட்னி நீ கொண்டாக்கா, இட்லி நான் தர்றேன்" என்றாள் அக்கா, டின்னைக் கீழே வைக்காமல்.

"அடி, வாயப் பாரு. ராயபுரமா நீயி?"

அக்காவுக்கு இரண்டு தமிழ் உண்டு. வீட்டில் தெற்கத்தித் தமிழ், தெருவில் அந்த ஊர்த் தமிழ். அப்பாவுக்கு ஒன்றுதான். வண்டியில் ஏறியதும், "தெருவுல வாயாடாத" என்றார். அதற்குப் பிறகு அவள் அப்பாவின் முன்னால் யாருக்கும் பதில் சொன்னதில்லை. குடும்பத்தின் மானம் அந்த ரேடியேட்டரைப் போலவே ஒழுகுகிறது என்று அவர் கருதியிருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை, அம்மா இறந்த பிறகு அவள் சிரித்துப் பேசிய முதல் நாள் அது.

காசிமேட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மேஸ்திரி வண்டி வேலை பார்த்தார். அம்மா இருந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். வண்டி கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. கையை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பானெட்டைத் திறந்து, அம்மா தைத்த துணியின் நாடாக்களை அவிழ்ப்பார். செய்தித்தாளில் மடித்து, சுவரில் இருந்த அந்தோணியார் படத்துக்குக் கீழே வைப்பார்.

"அம்மா கையால தெச்சது சார். நம்ம கை பட்டு கலீஜ் ஆவக்கூடாது."

அப்பா வேறு பக்கம் பார்ப்பார்.

பிறகு வேலை நடக்கும். ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். ரப்பர் குழாய்களை மாற்றினார். தண்ணீர் பம்பைப் பிரித்துப் பூட்டினார். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி வெளியே போட்டார். "இது குளிர் நாட்டுக்காரன் வெச்சது சார். மெட்ராஸ்ல இதுக்கு இன்னா வேல?" ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் தாமே ஓட்டிப் பார்ப்பார். வண்டி கொதிக்காது. திரும்பி வந்து வண்டியைத் துடைத்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக, அந்தத் துணியைப் பழையபடி நான்கு மூலையிலும் கட்டி, அப்பாவிடம் சாவியைக் கொடுப்பார்.

மறுநாள் காலை வண்டி கொதிக்கும்.

"டாப்பா கீது சார் வண்டி. நானே டோல்கேட் வரிக்கும் போய் வந்தேன். முள்ளு அசையல."

"அதே டோல்கேட்லதான் இன்னைக்கு நின்னுட்டு."

"எங்கையில கொதிக்கல, உங்க கையில கொதிக்குது. ஆளப் பாத்து கொதிக்குது சார் உங்க வண்டி" என்று மேஸ்திரி சிரித்தார். சிரித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உணர்ந்து, தலையைக் குனிந்து, ஸ்பேனர்களை அடுக்கத் தொடங்கினார். அப்பா அந்தச் சொல்லை உண்மை என்று எடுத்துக்கொண்டார் என நினைக்கிறேன். அதன் பிறகு வண்டி ஓட்டும்போது அவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் விதம் மாறியது. பிறர் வீட்டுக் குழந்தையைப் பிடிப்பது போல் பிடித்தார்.

மார்கழியும் தையும் அப்படிக் கழிந்தன. அம்மா போன பின் ஜன்னல் துணிகளை யாரும் துவைக்கவில்லை. அவை கறுத்துத் தொங்கின. வீட்டுக்குள் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. தெருவில் ஒருவரும் அதைப் பற்றி எங்களிடம் கேட்கவில்லை. துக்க வீட்டுக்கு அவர்கள் செய்த மரியாதை அது.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கிய பின் ஒரு சனிக்கிழமை. அப்பா கிடங்குக்குப் போயிருந்தார். அவர் சனிக்கிழமைகளில் சைக்கிளில் போவார். வண்டி வீட்டில் நிற்கும். ஈஸ்டருக்குள் ஜன்னல்களை வெளுத்துவிட வேண்டும் என்று அக்கா எல்லாத் துணிகளையும் அவிழ்த்தாள். சவுக்காரம் போட்டு ஊறவைத்து, அடித்து, அலசி, அம்மா காயப்போடும் வரிசையிலேயே கொடியில் போட்டாள். கூடத்து ஜன்னல், படுக்கையறை, சமையலறை. போட்டு முடித்துவிட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுவரோரம் கொடியின் கடைசிப் பகுதி காலியாக இருந்தது.

"ஏல, இங்க ஒண்ணு தொங்குமே."

"எது?"

"நாடா வச்சது. அம்மா கடைசியாத்தான் அத போடுவாங்க. மழ வந்தா ஓடிவந்து மொதல்ல அத எடுப்பாங்க."

நாங்கள் வீட்டுக்குள் போய் ஜன்னல்களை எண்ணினோம். எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன. எல்லாவற்றின் துணியும் கொடியில் இருந்தது. விடுபட்ட ஜன்னல் ஒன்றும் இல்லை. அக்கா மெதுவாக வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள்.

பானெட்டின் கனத்தை இருவரும் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. முட்டுக்கம்பியை நான் நிறுத்தினேன். அவள் நாடாக்களை அவிழ்த்து எடுத்ததைத் துணி என்று சொல்ல முடியாது. பனியில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் என்ஜின் சூட்டில் வெந்தும், மாதக்கணக்கான கரி அதில் செருப்புத் தோல் போல இறுகியிருந்தது. அக்கா அதைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். சூரியன் தெரியவில்லை. பிறகு என் வாயின் மேலும் மூக்கின் மேலும் வைத்து அழுத்தினாள்.

"மூச்சு விடு பாப்போம்."

நான் தலையை ஆட்டி அவள் கையைத் தள்ளினேன். "முடியல."

"அப்போ அதுக்கு மட்டும் எப்பிடி முடியும்?" என்றாள்.

கொதிக்கும் தண்ணீர் காற்றில்தான் ஆற வேண்டும், காற்று அந்தத் துணியைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதைத் துவைத்தது வண்டி கொதிக்காமலிருக்க அல்ல. அழுக்கானதைத் துவைப்பார், அவ்வளவுதான். அப்பா கிடங்கில் இருந்த சனிக்கிழமைகளில் அது துவைக்கப்பட்டு, உலர்ந்து, அவர் திரும்புமுன் பழைய இடத்துக்குப் போயிருக்கிறது. அம்மா இருந்தவரை அந்த வண்டியை ஓட வைத்துக்கொண்டிருந்தது என்ன என்பது வீட்டில் எவருக்கும் தெரியவில்லை, அவர் உட்பட.

அலசிய தண்ணீர் மை போல ஓடியது. பல தண்ணீர் மாற்றிய பிறகு துணியின் நெசவு தெரிந்தது. காய்ந்ததும் கட்டினோம்.

"அப்பாட்ட சொல்லாத" என்றாள். "அம்மா பேச்சு எடுத்தா சாப்பாட்டுல கை வைக்க மாட்டாங்க."

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் அப்பா திருப்பவில்லை. முள் நடுவில் நின்றது. தண்டையார்பேட்டை போயிற்று. டோல்கேட் போயிற்று. ரயில்வே கேட் மூடியிருந்தது; காத்திருந்தோம்; முள் சற்று உயர்ந்து, புறப்பட்டதும் நடுவுக்கே வந்தது. அப்பா எண்ணூர் வரை ஓட்டினார். நெட்டுக்குப்பத்தில், முகத்துவாரத்தின் கரையில் வண்டியை நிறுத்தினார். வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆற்றுத் தண்ணீர் ஒரு நிறமாகவும் கடல் ஒரு நிறமாகவும் சேருமிடத்தை அப்பா எங்களுக்குக் காட்டினார். வறுத்த கடலை வாங்கித் தந்தார். அம்மா போன பின் அவர் எங்களுக்கு ஒன்றைக் கைநீட்டிக் காட்டியது அன்றுதான்.

"மேஸ்திரி கடைசியில பிடிச்சிட்டான்" என்றார்.

அக்கா கடலைத் தோலை ஊதிக்கொண்டே கடலைப் பார்த்தாள். அவள் தோள் தளர்ந்திருந்தது. அத்தை சொன்ன நிபந்தனை நிறைவேறிவிட்டது; இனி எங்களைப் பிரிக்க ஒருவராலும் முடியாது என்று எனக்கு நிச்சயமாயிற்று. மேஸ்திரியிடம் அப்பா விவரம் சொன்னபோது அவரும் பெருமையை மறுக்கவில்லை. "நான் சொல்லல சார்? அந்த தெர்மோஸ்டாட்டுதான். பேஜாரு புடிச்சது."

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா துணியை அவிழ்த்துத் துவைத்தாள். பரீட்சைக்குப் படிக்கும் நாள்களிலும் விடவில்லை. நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். வண்டி ஒருநாளும் கொதிக்கவில்லை.

முழுப் பரீட்சையின் கடைசி வாரத்துச் சனிக்கிழமை, அப்பா சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் ஓசை எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா குழாயடியில் குந்தியிருந்தாள். அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கிழித்து, அம்மா செருகுவது போலவே இடுப்பில் செருகியிருந்தாள். முழங்கை வரை கரி. நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கியதில் முகத்திலும் ஒரு கோடு. அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அக்கா எழுந்தாள். இனி மறைக்க முடியாது என்று கண்டு, பெரியவர்கள் வேலையை ஒப்புவிப்பது போல விவரம் சொன்னாள்.

"இதுதாம்பா. இத துவச்சா வண்டி சூடாவாது. அம்மா செஞ்சது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் செஞ்சிருதேன். நீங்க கவலப்படாதீங்க."

அப்பா படியிறங்கினார். கிட்டே வந்து, ஈரத் துணியை அவள் கையிலிருந்து வாங்கினார். பிழிந்தார். கொடியின் கடைசியில் தாமே போட்டார். வெள்ளைச் சட்டையின் கையெல்லாம் கறுத்த தண்ணீர் வழிந்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பரீட்சை முடிந்த மறுநாள் அத்தை வந்தார். எழும்பூரிலிருந்து வீடு வரை வண்டி ஓசையில்லாமல் வந்தது. வாசலில் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார். கண்டிப்பானவர், ஆனால் சொன்ன சொல்லை மாற்றாதவர்.

"வண்டி ஓடுதே எய்யா. சொன்னது சொன்னதுதான். பிள்ளைகள் ரெண்டும் இங்கனயே இருக்கட்டும்."

மேசைக்கடியில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இல்ல யக்கா" என்றார் அப்பா. "அவள நீ கூட்டிட்டுப் போ."

"அதான் வண்டி ஓடுதுல்லா?"

"ஓடுது. அதுக்குத்தான் சொல்லுதேன்."

அத்தைக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். என் கையைப் பிடித்திருந்த கை பிடியை விடாமல் அப்படியே குளிர்ந்தது.

எழும்பூருக்குப் போன மாலையில் அக்கா முன் இருக்கையில்தான் இருந்தாள். நானும் அத்தையும் பின்னால். யானைக்கவுனிப் பாலத்தில் வண்டிகள் நெரிந்து நின்றபோது, முள் வலப்பக்கம் போக வேண்டும் என்று நான் கண்ணை மூடி ஜெபித்தேன். பானெட்டிலிருந்து ஆவி வர வேண்டும், சீழ்க்கை கேட்க வேண்டும், ரயில் போய்விட வேண்டும். கண்ணைத் திறந்தபோது அவள் கழுத்து அசையாமல் இருந்தது. முள் நடுவில் நின்றது. குறித்த நேரத்துக்கு முன்பே நிலையத்தை அடைந்தோம்.

பெட்டியில் ஏறுமுன் அக்கா என் காதருகே குனிந்தாள்.

"அந்தத் துணியப் பத்தி அப்பா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

அவள் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

அந்த வாரமே அப்பா துணியை வண்டியிலிருந்து அவிழ்த்தார். எங்கே வைத்தார் என்று தெரியாது. பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. வண்டி வெறும் கம்பியோடு ஓடியது. கரித்தூள் தடையில்லாமல் உள்ளே வந்தது. பின் இருக்கையில் நான் உட்காரும் இடம் மட்டும் வெளுத்திருந்தது. முன் இருக்கையில் அவள் உட்காரும் இடம் மற்ற இடங்களோடு ஒரே நிறமாகக் கறுத்துப் போயிற்று. ஜன்னல் துணிகளை அப்பாவே துவைத்தார். துறைமுகத்தில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லும் வியாபாரி, சனிக்கிழமை குழாயடியில் குந்தியிருந்தார். சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவர். ரசத்தை ஊற்றும் ஓசை தெளிவாகக் கேட்கும். காலையில் பள்ளிக்குப் போகையில், ரயில்வே கேட்டில் நிற்கும்போது, மீன்காரப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்து, "எங்க நைனா, இட்லிக்காரப் பொண்ணக் காணோம்?" என்று கேட்டார். நான் கதவுக் கண்ணாடியை ஏற்றினேன். வண்டி சீராக உறுமிக்கொண்டிருந்தது.

நான் மேல்படிப்புக்குப் புறப்படும் முந்தைய நாள், அப்பா தாமாகவே ஒரு வாக்கியம் சொன்னார். "அன்னைக்கு அவ கையப் பாத்தேன். பன்னெண்டு வயசுல இந்த வீட்டுக்கு அம்மாவா ஆயிட்டா. அது எனக்குப் பொறுக்கல." அவ்வளவுதான். அக்காவை விடுவிப்பதாக நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். அத்தை வீட்டில் பெரிய குடும்பம்; கிணற்றடியில் குவியும் துணி எங்கள் வீட்டின் ஓராண்டுத் துணியைவிட அதிகம். பன்னிரண்டு வயதுப் பெண் அங்கே என்ன செய்வாள் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அத்தை கொடுமைக்காரர் அல்லர். வந்த இடத்தில் அவரவர் வேலை செய்வது அந்த வீட்டு வழக்கம்.

அக்கா அங்கேயே படித்து, அங்கேயே மணமாகி, அங்கேயே பிள்ளைகளைப் பெற்றாள். எனக்கு ஆசிரியப் பணி, வெளியூர்கள், பின்பு மறுபடியும் ராயபுரம். திருமணங்களிலும் சாவுகளிலும் சந்தித்தோம். எப்போதும் யாராவது ஒருவரின் பெட்டி கட்டப்பட்டிருந்தது. பழைய கதை பேச ஆரம்பித்தால் அந்தக் கோடையின் விளிம்பிலேயே இருவரும் நின்றுவிடுவோம்.

சென்ற ஆண்டு அவள் கணவர் காலமானார். என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். அதன்பின் அக்கா மாலைகளில் தொலைபேசியில் பேசுவாள். ஒரு மாலை, தூத்துக்குடி மின்நிலையத்தின் சாம்பல் மொட்டைமாடியில் விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இடையில் கேட்டாள்.

"ஏல, அப்பா ஏன் என்ன அனுப்புனாங்க தெரியுமா? அம்மா துணியத் தொட்டேன்லா, அதுக்கு."

அவளுக்கு எழுபது வயதுக்கு மேல். ஆறு பேரக்குழந்தைகளின் பாட்டி. எதிர்முனையில் அந்தப் பன்னிரண்டு வயதுக் குரல் அப்படியே இருந்தது.

அப்பா சொன்ன வாக்கியத்தை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன். அவளுக்கும் எப்போதோ சொல்லியிருப்பார் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். தொடர்பு அறுந்ததோ என்று பார்த்தேன்.

"தண்டனைன்னே நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். பிறகு, "உன் வீட்டுல மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு?"

"சும்மாத்தான் கெடக்கு."

"அப்போ வாரேன். கொஞ்ச நாளைக்கு இல்ல. வந்து இருந்துருதேன். மூத்தவன் கோவப்படுவான், பாத்துக்கிடலாம். உனக்கு ஒண்ணும் தடை இல்லல்லா?"

தடை ஒன்றும் இல்லை என்றேன். கோடை கழிந்ததும் வருவதென்று முடிவாயிற்று. வேலையை அன்றே தொடங்கினேன். வாழ்க்கையில் வேறெந்த வேலையையும் அவ்வளவு விரைவாகத் தொடங்கியதில்லை.

இன்னும் முடியாமல் இருப்பவை:

மாடிக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. மறுபக்கம் வேண்டுமா என்று கொத்தனார் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டும்.

ஜூன் மாதத்துக்கு அவள் பெயரில் எடுத்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும்.

ஜூன் முதல் இன்னும் அரை லிட்டர் போடும்படி பால்காரரிடம் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

வாசல் பூட்டுக்கு இரண்டாவது சாவி செய்யக் கொடுத்தது தயாராக இருக்கிறதாம். போய் வாங்க வேண்டும்.